பட்டம் பெறாத பேராசிரியர்: பேட்ரிக் கெடிஸ்

கல்லூரியின் வாயில் ஆண்டுதோறும் சேர்க்கைக்காகத் திறக்கும் நாள்களில், மதிப்பெண் பட்டியலைக் கையில் ஏந்தியவண்ணம் மாணவரும் அவர்தம் பெற்றோரும் வரிசையில் நிற்கும் காட்சி நாம் அனைவரும் அறிந்ததே. அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் வருகின்ற அம்மாணவருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகின்றவர்கள். பொறியியலைக் கேட்டு, கணிப்பொறியைக் கேட்டு, வணிகவியலைக் கேட்டு, எதுவும் கைகூடாத நிலையில் அவர்களிற் சிலர் இறுதியாகக் கேட்கும் வினா ஒன்றுண்டு. சமூகவியல் படிப்பதற்கு என்ன வேண்டும் என்பதே அவ்வினா. கேட்கும் குரலில் ஆர்வத்தைவிடக் களைப்பே மிகுதியாக இருக்கும். அருகில் நிற்கும் தந்தையாரின் முகத்திலோ, இதைப் படித்து என்ன ஆகப்போகிறது என்னும் கவலை எழுதி ஒட்டியிருக்கும்.

விதிப்படி விடை எளிது. மேனிலைத் தேர்வில் எப்பாடப் பிரிவை எடுத்துத் தேறியிருப்பினும் இளங்கலைச் சமூகவியலில் சேரப் பெரும்பாலும் தடையில்லை. முதுகலைக்கும் பல பல்கலைக்கழகங்கள் ஏதேனும் ஒரு பட்டத்தையே கேட்கின்றன. பின்னர்க் கல்லூரி ஆசிரியராக விழைவோர் முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும், தகுதித் தேர்வில் தேர்ச்சியும் பெறுதல் வேண்டும். மதிப்பெண்ணில் ஒதுக்கீட்டுப் பிரிவினர்க்குச் சிறிது தளர்வுண்டு. இவ்வளவே விதி. வாயில் அகலமாகத் திறந்திருப்பதாலேயே உள்ளே ஒன்றும் இல்லை என்று நம்மவர் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் இப்பாடம் கேட்கும் தகுதி, மதிப்பெண் பட்டியலில் அச்சிடப்படுவதன்று. அஃது யாது என்பதை அறிய ஒருவருடைய வாழ்க்கையை நாம் நோக்குதல் நலம். இந்நாட்டில் சமூகவியலுக்கெனத் தனித்துறை கண்ட முதற் பல்கலைக்கழகமாகப் போற்றப்படுவது பம்பாய்ப் பல்கலைக்கழகம். 1919ஆம் ஆண்டு அங்கே அத்துறையின் முதற் பேராசிரியராக அமர்ந்தவர் பேட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து நாட்டறிஞர். அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்துப் பட்டம் பெற்றவரல்லர். இன்றைய விதிகளின்படி அவர் தம் துறையில் மாணவராகக்கூடச் சேர்ந்திருக்க இயலாது!

கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் மலைநாட்டுச் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் படைத்துறையில் பணியாற்றியவர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் பெர்த் நகரை அடுத்த குன்றொன்றின் சரிவிற் குடியேறியது. வீட்டைச் சுற்றித் தோட்டம். மேலே ஏறி நின்றால் கீழே டே ஆறும், அதன் கரையில் நகரமும், அப்பால் வயல்களும் ஒருங்கே தெரியும். தந்தையின் கைப்பிடித்து அக்குன்றுகளில் நடந்த சிறுவன், ஆறு எங்கே வளைகிறது, வயல் எங்கே முடிகிறது, ஊர் ஏன் அவ்விடத்தில் அமைந்தது என்று பார்க்கக் கற்றான். பிற்காலத்தில் அவர் செய்த ஆராய்ச்சிகள் அனைத்திற்கும் வித்து அங்கே விழுந்தது எனலாம். பள்ளிப் படிப்பு முடிந்தபின் வங்கி ஒன்றில் சிறிது காலம் வேலை. மனம் அதிற் பொருந்தவில்லை.

1874இல் தாவரவியல் பயில எடின்பரோ பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். ஒரே வாரத்தில் வெளியேறினார். உயிருள்ள செடியை அதன் மண்ணிலும் காற்றிலும் வைத்து அறிய விரும்பிய இளைஞருக்கு, உலர்ந்த மாதிரிகளைக் கொண்டு நடத்தப்பட்ட பாடம் கசந்தது. பின்னர் இலண்டன் சென்று, டார்வின் கொள்கையின் பெரும் படைத்தலைவராக விளங்கிய தாமஸ் ஹக்ஸ்லியிடம் சில ஆண்டுகள் உயிரியல் கற்றார். பட்டத்தேர்வின் பக்கம் அவர் மனம் திரும்பவேயில்லை. மாணவர்கள் இதனை முன்மாதிரியாகக் கொள்ளவேண்டா! ஹக்ஸ்லி போன்ற ஓர் ஆசிரியரிடம் பல ஆண்டு கைவேலை பழகியவர்க்கே அத்துணிவு பொருந்தும். அன்றியும், பட்டமின்மையால் அவர் பட்ட துன்பத்தைப் பின்னர்க் காண்போம்.

1879இல் ஆய்வுப் பயணமாக மெக்ஸிகோ சென்றவிடத்து அவர்தம் கண்ணொளி மங்கிற்று. வாரக்கணக்கில் இருட்டறையில் அடைபட்டுக் கிடந்தார். உருப்பெருக்கியே வாழ்க்கையாகக் கொண்ட உயிரியலாளர்க்கு அஃது எத்துணைப் பேரிடி! சன்னலின் சட்டங்களை விரலால் தடவிக்கொண்டிருந்தபோது, கட்டங்களாகப் பிரித்துச் சிந்திக்கும் முறை ஒன்று அவர் உள்ளத்தில் உருவாயிற்று என்பர். பிற்காலத்தில் காகிதத்தை மடித்து மடித்துக் கட்டங்களாக்கி, கட்டத்திற்கு ஒரு கருத்தாக எழுதி, ஒன்றோடொன்றை உறவுபடுத்திக் காட்டுவது அவருடைய வழக்கமாகவே ஆகிவிட்டது. கண் தேறினாலும் உருப்பெருக்கியில் நெடுநேரம் ஆழ அது இடங்கொடுக்கவில்லை. நுண்ணுயிரை விட்டு, மனிதக் கூட்டத்தை நோக்கி அவர் பார்வை திரும்பியது.

திரும்பிய பார்வைக்கு வழி காட்டியவர் பிரெடெரிக் லெ பிளே என்னும் பிரெஞ்சு அறிஞர். சுரங்கப் பொறியாளரான அவர் ஐரோப்பா முழுதும் சுற்றி, உழைப்பாளர் குடும்பங்களின் வரவு செலவுகளைக் காசுக்குக் காசு கணக்கெடுத்தவர். இடம், தொழில், குடும்பம் என்னும் மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்துப் பார்த்தாலன்றி ஒரு சமூகம் விளங்காது என்பது அவர்தம் முடிவு. இக்கொள்கையைக் கெடிஸ் பாரிஸ் நகரில் சொற்பொழிவு ஒன்றின் வாயிலாக அறிந்தார். குடும்பம் என்பதை மக்கள் என விரித்துக்கொண்டார். மலையுச்சியிலிருந்து கடற்கரை வரையில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை வரைந்து, மேலே சுரங்கத் தொழிலாளியும் மரம் வெட்டுவோனும் வேடனும், அதன்கீழ் ஆயனும், பின்னர் உழவனும், இறுதியில் மீனவனும் வாழும் முறையை விளக்கினார். நிலம் தொழிலைத் தருகிறது. தொழில் மக்களின் பழக்கத்தையும் குடும்பத்தையும் வழிபாட்டையும் வகுக்கிறது. மக்களோ மீண்டும் நிலத்தை மாற்றுகின்றனர்.

இதைப் படிக்கும் தமிழ் மாணவர்க்கு ஒன்று நினைவுக்கு வராமற் போகாது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று மலையினின்று கடல்வரை இறங்கி வரும் நம் திணைப் பகுப்பும் அஃதே அன்றோ? நிலமும் பொழுதுமாகிய முதற்பொருள். மக்கள், தொழில், உணவு, பறை, தெய்வம் முதலான கருப்பொருள். அவற்றினின்று முகிழ்க்கும் ஒழுக்கமாகிய உரிப்பொருள். தொல்காப்பியர் செய்யுளுக்கு வகுத்த இலக்கணம், ஐரோப்பிய அறிஞர் சமூகத்தை ஆராய வகுத்த கட்டத்தோடு இவ்வளவு நெருங்கி வருவது வியப்பே. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று பெருமை பேசுதல் தவறு, அதற்குச் சான்றில்லை. ஆனால் அகத்திணையியலை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் நம் மாணவர், சமூகவியலின் முதற்பாடத்தில் பாதியை ஏற்கெனவே அறிந்தவர் என்பதை மட்டும் துணிந்து கூறலாம். அறிந்ததை அறியாமலிருப்பதே அவர் குறை.

நம் மேற்குப் புறநகரையே எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர் ஏரியும் வயலுமாக இருந்த ஊர். 1964இல் தொழிற்பேட்டை வந்தது. கடைசல் பட்டறைகள் வந்தன. பட்டறையைத் தொடர்ந்து வெளிமாவட்டத்து இளைஞர்கள் வந்தனர். அவர்களைத் தொடர்ந்து மெஸ்களும் ஒண்டுக் குடித்தனங்களும் வந்தன. பின்னர் ஆயத்த ஆடை நிறுவனங்கள் தோன்றியபோது வீட்டுப் பெண்மக்கள் காலையில் சாப்பாட்டு அடுக்கோடு வேலைக்குப் புறப்பட்டனர். ஆவடியோ, 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோசலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானித்ததால் நாடறிந்த ஊர். பத்தாண்டில் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து பீரங்கி வண்டி வெளிவந்தது. பல மாநிலத்தவர் ஒரே குடியிருப்பில் அடுத்தடுத்த கதவுகளில் வாழும் நிலை உண்டாயிற்று. பூந்தமல்லி இவ்விரண்டினும் பழைமையானது. காஞ்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்த சந்தையூர். திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். பழைய பள்ளிவாசலும் பெருமாள் கோயிலும் நடந்து சென்று காணும் தொலைவில் உள்ள ஊர். ஒரு பேருந்துத் தடத்தில் மூன்று வகை நிலம், மூன்று வகைத் தொழில், மூன்று வகை மக்கள்! யார் யாரை இங்கே அழைத்து வந்தனர்? ஒரே மாவட்டத்தார் ஒரே தெருவில் குடியேறுவது ஏன்? மகள் சம்பளம் கொண்டுவரத் தொடங்கியபின் திருமணப் பேச்சு எவ்வாறு மாறியது? இவ்வினாக்கள்தாம் சமூகவியல். இவற்றைக் கேட்க வேண்டுமென்று ஒருவர்க்குத் தோன்றுமாயின், அவர் முதல் தகுதியைப் பெற்றுவிட்டார்.

கெடிஸ் வினாவோடு நின்றவரல்லர். 1886இல் அன்னா மார்ட்டன் என்னும் நங்கையை மணந்தார். அடுத்த ஆண்டே மனைவியுடன் எடின்பரோ பழைய நகரத்தில் இடிந்தும் நாறியும் கிடந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் அடுக்குக் குடியிருப்பிற் குடிபுகுந்தார். ஏழையரைப் பற்றி எழுதுவதற்காகச் சென்று பார்த்துத் திரும்பவில்லை. அவர்கள் பயன்படுத்திய படிக்கட்டிலேயே ஏறி இறங்கி வாழ்ந்தார். அண்டையாரோடு சேர்ந்து சுவருக்கு வெள்ளையடித்தார். சன்னலில் பூச்செடி வைத்தார். இடிக்கத்தக்கதை மட்டும் இடித்துக் காற்றுக்கு வழி செய்தார். 1892இல் கோட்டைக்கு அருகில் இருந்த கோபுரக் கட்டடம் ஒன்றை வாங்கி, காட்சிக் கோபுரம் என்று அதனை அமைத்தார். உச்சியில் நகரம் முழுவதையும் ஒளியாற் படம்பிடித்துக் காட்டும் இருட்டறை. அதன்கீழ் மாடிக்கு மாடி, முதலில் எடின்பரோ, பின்னர் ஸ்காட்லாந்து, பின்னர் ஐரோப்பா, அடித்தளத்தில் உலகம் எனக் காட்சிகள். தன் தெருவிலிருந்து தொடங்கி உலகிற்கு இறங்கிச் செல்லவேண்டும் என்பது அக்கட்டடம் சொல்லும் பாடம். நம் பாடத்திட்டங்கள் பலவும் தலைகீழாக, உலகிற் தொடங்கித் தெருவை அடையுமுன் ஆண்டு முடிந்துபோகும்படி அமைந்திருப்பதை இங்கே நினையாதிருக்க முடியவில்லை.

இத்தகையவர்க்குப் பல்கலைக்கழகங்கள் என்ன செய்தன? எடின்பரோவில் தாவரவியற் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. மார்ட்டின் ஒயிட் என்னும் செல்வர் தம் நண்பர்க்கென்றே அறக்கொடை வழங்கியதால், டண்டீ நகரக் கல்லூரியில் ஆண்டிற்குக் கோடைப் பருவம் மட்டும் கற்பிக்கும் தாவரவியற் பதவி அமைந்தது. அதே செல்வர் இலண்டன் பல்கலைக்கழகத்திற் சமூகவியலுக்கும் கொடை அளித்தார். 1907இல் அங்கு அப்பதவி வந்தபோது கெடிஸுக்கே கிட்டும் என்று பலரும் எதிர்பார்த்தனர். ஹாப்ஹவுஸ் என்பவரே அமர்த்தப்பட்டார். பிரிட்டனில் சமூகவியற் கழகம் 1903இல் தோன்ற உழைத்த ஒருவர்க்கு, அந்நாட்டில் அப்பாடத்தைக் கற்பிக்கும் இருக்கை ஒருபோதும் வாய்க்கவில்லை. பட்டமின்மை மட்டுமே காரணமென்று கூற முடியாது. ஒன்றைத் தொடங்கி அடுத்ததற்குத் தாவும் அவர் இயல்பும் காரணமாயிற்று.

இனி அவர் நம் நாட்டிற்கு வந்த வரலாறு. சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபு ஸ்காட்லாந்துக்காரர். கெடிஸின் பணியை அறிந்தவர். அவர் அழைப்பினால், நகரங்களைப் பற்றிய பெருங் கண்காட்சி ஒன்றைச் சென்னையில் நடத்த 1914இல் கெடிஸ் புறப்பட்டார். உலகப்போர் மூண்டிருந்த நேரம். படங்களும் வரைபடங்களும் மாதிரிகளும் தனிக் கப்பலில் வந்தன. செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசி, நம் மொழிக்கே ஒரு சொல்லைத் தந்துவிட்டுப் போன எம்டன் கப்பல், அக்டோபரில் அந்தச் சரக்குக் கப்பலையும் மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பு கடலடியிற் போயிற்று. வேறொருவராயின் திரும்பிச் சென்றிருப்பர். கெடிஸின் நண்பர்கள் பிரிட்டனில் புதிய பொருள்களைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்திற் கண்காட்சி திறக்கப்பெற்றது.

அதனைத் தொடர்ந்து மாகாணத்தின் ஊர்களை அவர் கால்நடையாகவே ஆராய்ந்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நெருக்கமான தெருக்களை இடித்து நேர்க்கோட்டுச் சாலைகள் வெட்டும் திட்டமொன்று இருந்தது. கெடிஸ் வீடு வீடாக நடந்து பார்த்தார். இடியாத சுவர் எது, நிழல் தரும் மரம் எது, கோயிலும் கிணறும் எங்கே, வெற்றிடம் எங்கே என்று குறித்தார். பாழடைந்தவற்றை மட்டும் நீக்கி, வெற்றிடங்களை இணைத்தாலே காற்றும் வழியும் கிடைக்கும்; ஏழைகள் வீடிழக்க வேண்டா; செலவும் மிகக் குறைவு என்று காட்டினார். உறுப்பை வெட்டி எறியாமல் நோயை மட்டும் நீக்கும் அறுவை மருத்துவத்திற்கு இதனை அவர் ஒப்பிட்டார். மதுரையையும் ஆராய்ந்தார். காஞ்சியைக் கண்டு மகிழ்ந்தார். கோயில்களின் சிறப்பை மட்டுமன்றி, தெருவும் தோட்டமும் வீடும் ஒன்றோடொன்று பொருந்திய நகர அமைப்பை அவர் வியந்து எழுதினார். நம் ஊர்களைச் சாக்கடையும் நெருக்கடியுமாக மட்டும் கண்ட அக்கால அதிகாரிகளிடையே இப்பார்வை அரிது.

ஏறத்தாழ அதே காலத்திற் சென்னையில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியையும் இணைத்துச் சொல்லவேண்டும். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியற் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களிடம் வினாப்பட்டியல் ஒன்றைத் தந்து, விடுமுறையில் தத்தம் சிற்றூர்களை ஆராய்ந்து வரச் செய்தார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி முதலிய ஊர்களைப் பற்றிய அக்குறிப்புகள் 1918இல் நூலாக வெளிவந்தன. நில உடைமை, கூலி, கடன், கால்நடை, உணவு என யாவும் அதில் உள்ளன. அவ்வூர்களையே பிற்காலத்தவர் 1930களிலும் அதன் பின்னரும் மீண்டும் மீண்டும் சென்று ஆராய்ந்தனர். ஒரு நூற்றாண்டுக் காலத் தமிழகச் சிற்றூர் மாற்றத்தை அளக்க உலக அறிஞர் இன்றும் நாடும் அடிப்படை, விடுமுறைக்கு வீடு சென்ற கல்லூரி மாணவர் எழுதிய குறிப்பேடு! அம்மாணவர்களுக்கு அப்போது எந்தச் சமூகவியற் பட்டமும் இல்லை. ஊர் தெரிந்திருந்தது, மொழி தெரிந்திருந்தது, எண்ணி எழுதும் பொறுமையை ஆசிரியர் தந்தார்.

1917 கெடிஸின் வாழ்வில் இருண்ட ஆண்டு. தந்தைக்குத் துணையாக இந்தியாவிற் கண்காட்சிப் பணியாற்றிச் சென்ற மூத்த மகன் அலாஸ்டர், ஏப்ரலில் பிரான்ஸ் போர்க்களத்தில் மாண்டார். அப்போது அன்னா அம்மையார் இந்தியாவில் காய்ச்சலாற் படுக்கையில் இருந்தார். மகன் இறந்த செய்தியை மனைவியிடம் மறைத்து, அவர் கட்டிலருகே இயல்பாக இருப்பதுபோல் கெடிஸ் நாள்களைக் கழித்தார். ஜூன் திங்களில் அம்மையாரும், மகன் உயிரோடிருப்பதாகவே எண்ணிக் கண்மூடினார்.

அத்துயரோடுதான் இந்தூர் நகரப் பணியை அவர் மேற்கொண்டார். கொள்ளைநோய் வாட்டிய நகரம். வரைபடமும் கையுமாக வந்த வெள்ளையரைக் கண்ட மக்கள், வீட்டை இடிக்க வந்தவர் என்று அஞ்சினர். நோயைக் கொண்டுவந்தவர் என்றும் சிலர் தூற்றினர். மன்னரிடம் இசைவு பெற்று, தீபாவளியை ஒட்டிப் பெரும் ஊர்வலம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். வழக்கமான வீதிகளில் ஊர்வலம் வராது; எத்தெருவார் தம் வீடுகளை மிகுதியாகத் தூய்மை செய்கின்றனரோ அத்தெரு வழியே வரும் என்று பறைசாற்றப்பட்டது. நகரமே குப்பை வாரத் தொடங்கிற்று. குறித்த நாளில் யானைகளும் வண்டிகளும் முன்செல்ல, அழுக்கு அரக்கன் உருவமும் பேரெலியின் உருவமும் எடுத்துச் செல்லப்பட்டுத் தீயிடப்பட்டன. அதன்பின் அவர் தெருவில் நடந்தால் மக்கள் சிரித்த முகத்தோடு வரவேற்றனர். விழா எவ்வாறு ஒரு சமூகத்தை இயக்குகிறது என்பதை நூல்களிற் படித்தவர் பலர். ஊரையே கூட்டிச் செய்து காட்டியவர் இவர்.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் சமூகவியல் – குடிமையியல் துறையைத் தோற்றுவித்து அவரை அழைத்தது. தம் நாடு தராத இருக்கை 65 வயதை எட்டிய காலத்தில் அயல்நாட்டிற் கிட்டியது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமாயின், வகுப்பறையில் அவர் வெற்றி பெற்றார் என்று கூறுவதற்கில்லை. தாடிக்குள் முணுமுணுத்துப் பேசுவார். ஒரு சொற்பொழிவில் தாவரவியல், கிரேக்கத் தெய்வங்கள், சாக்கடை, கல்விக்கொள்கை யாவும் வந்து போகும். தேர்வை நோக்கிய மாணவர்க்குக் குறிப்பெடுக்க ஒன்றும் அகப்படாது. முறையான பாடநூலொன்றை அவர் எழுதவுமில்லை. ஆயினும் ஓர் அரிய செயலை அங்குச் செய்தார். சமஸ்கிருதத்தில் முதுகலை முடித்து, அம்மொழியையே கற்பித்து வந்த ஜி. எஸ். குர்யே என்னும் இளைஞர் அவரிடம் வந்தார். பம்பாயை ஒரு நகர மையமாக ஆராய்ந்து கட்டுரை எழுதுமாறு பணித்தார் கெடிஸ். கட்டுரையைக் கண்டு, அவ்விளைஞரை இங்கிலாந்துக்கு அனுப்பப் பரிந்துரைத்தார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய குர்யே 1924இல் அத்துறையின் தலைமையை ஏற்றார். எம். என். சீனிவாஸ், ஏ. ஆர். தேசாய், இராவதி கார்வே எனப் பின்னாளில் புகழ்பெற்றோர் குர்யேயிடம் பயின்றவர்களே. தாவரவியலார் ஒருவர், சமஸ்கிருதப் புலவர் ஒருவரைக் கண்டெடுக்க, இந்தியச் சமூகவியல் வளர்ந்தது. எப்பாடப் பிரிவினரும் சேரலாம் என்று இன்றைய விதி கூறுவதற்கு இதனினும் சிறந்த நியாயம் வேண்டுமோ?

கெடிஸிடம் இல்லாதவையும் நமக்குப் பாடமாகும். அவர் நம் மொழிகளை அறியார். தஞ்சைத் தெருவின் சுவரையும் மரத்தையும் நுட்பமாகக் கண்ட அவர், அத்தெருத் திண்ணையில் மக்கள் பேசியதை நேராகக் கேட்கவில்லை. கோயில் நகரின் அழகிய இசைவைக் கண்ட கண், அவ்வீதியில் நடக்கவே உரிமையற்று ஊர்ப்புறத்தில் நிறுத்தப்பட்ட மக்களின் மேல் போதிய அளவு படியவில்லை. சாதியை ஆராயும் பொறுப்பு அவர் மாணவர்க்கு எஞ்சியது. அவர் மாணவரும் பழங்குடியினரைப் பிற்பட்ட இந்துக்கள் என்றே கொண்டு, கடும் மறுப்புக்கு ஆளானார். அவரவர் நின்ற இடத்திலிருந்து தெரிவது ஓரளவே.

பார்வையை மறைக்கும் திரைகளைப் பற்றி முதலில் எழுதியவர்களுள் ஒருவர் இப்னு கல்தூன். 1377இல் இயற்றிய முகத்திமாவில், வரலாற்றாசிரியர் பிழைபடுவதற்கான காரணங்களை எண்ணும்போது, தன் கட்சியின் மீதுள்ள பற்றை அவர் முன்வைக்கிறார். சமுதாயப் பெரியோர்கள் இவ்விடத்தைச் சற்றே சிந்திக்க வேண்டுகின்றேன். நம் பிள்ளை ஒருவர் சமூகவியல் பயின்று, நம் மஹல்லாவிலேயே கைக்கூலி எவ்வளவு வாங்கப்படுகிறது, எத்தனை பெண்கள் எட்டாம் வகுப்போடு நின்றனர் என்று வினாப்பட்டியலோடு வருவாராயின், அவரைக் கடிந்து திருப்பி அனுப்பிவிடலாகாது. அவர்க்கு வேண்டிய கடினமான தகுதி, தன்னவரைப் பற்றியும் உள்ளதை உள்ளவாறு எழுதும் நெஞ்சுரம். அதனைப் பல்கலைக்கழகம் மட்டும் தந்துவிட முடியாது. பாதியைத் தெருதான் தரவேண்டும். மாணவர்க்கோ, கேட்கும் முறையிற் பணிவும், கேட்டதைக் கணக்கிடப் புள்ளியியலும், உலகோர் எழுதியதைப் படிக்க ஆங்கிலமும் வேண்டும். இம்மூன்றும் பயிற்சியால் வருவன. கெடிஸுக்கு வாய்க்காத தமிழ், தாய்ப்பாலோடு வந்தது.

பம்பாயில் இருந்த ஆண்டுகளிலும் அவர் ஓரிடத்தில் தங்கவில்லை. தாகூரின் விசுவபாரதிக்கு ஆலோசனை கூறினார். உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டு தோன்றிய ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்திற்கு இடம் தேர்வதிலும் அவர் கருத்துக் கேட்கப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட பாலஸ்தீனத்தில் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்திற்கும், 1925இல் தெல் அவீவ் நகருக்கும் திட்டம் வரைந்தார். இடம், தொழில், மக்கள் என்று வாழ்நாளெல்லாம் வற்புறுத்தியவர், அந்நிலத்தில் ஏற்கெனவே வாழ்ந்த மக்களின் நாளையைப் பற்றி இன்னும் ஆழ எண்ணியிருக்கலாகாதா என்னும் ஏக்கம் நமக்கு எழுகிறது.

உடல்நலங் குன்றியதால் 1924இல் இந்தியாவை விட்டு நீங்கி, தென்பிரான்சின் மோன்பெலியே நகரத்துக் குன்றொன்றிற் குடியேறினார். அங்கும் சும்மா இருக்கவில்லை. பல நாட்டு மாணவர் கூடி வாழ்ந்து கற்கும் விடுதி ஒன்றைத் தம் கையாலேயே கல்லும் செடியும் அடுக்கி உருவாக்கினார். முன்பு ஒருமுறை மறுத்த சர் பட்டத்தை 1932இல் ஏற்றுக்கொண்டார். வாழ்நாளில் அவர் பெற்ற பட்டம் அஃதொன்றே எனலாம். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் மோன்பெலியேவில் உயிர் நீத்தார். அதே 1932ஆம் ஆண்டில்தான், இந்தியாவின் சாதியையும் இனத்தையும் பற்றிக் குர்யே எழுதிய நூல் வெளிவந்தது.